தமிழகத்திலிருந்து வன்னிக்கு வரும் பிள்ளைகளும் குடும்பங்களும்: தொண்டு செய்ய விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழகத்து அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் குடியேறும் குடும்பங்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று பலர் எங்களிடம் வருகிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

போர் முடிந்து இவ்வளவு காலமாகிறதே, இன்னும் அகதிகள் வருகிறார்களா?

வருகிறார்கள். 1983 யூலைக்குப் பிறகும், 1990இல் போர் மறுபடி மூண்டபோதும், 1996ஐ ஒட்டியும், 2006க்குப் பிறகும் மன்னார்க் கரையிலிருந்து படகேறிய சனம் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிந்து, தமிழகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்தது. கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், கொட்டப்பட்டு என்ற பெயர்கள் வன்னியில் அநேகமான வீடுகளுக்குத் தெரிந்தவை. ஒரு சித்தியோ மாமாவோ அங்கே இருந்திருப்பார். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் உதவியோடு குடும்பம் குடும்பமாகத் திரும்புவது 2009க்குப் பிறகு கூடியது. பிறகு குறைந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் எதிர்த்திசையிலும் ஓடியது. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் சில குடும்பங்கள் மறுபடி தனுஷ்கோடிக்குப் படகேறின.

தொண்டுக்கு வரும் எவரும் முதலில் மனத்தில் எடுக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. தாய் தகப்பன்தான் திரும்பி வருகிறார்கள். பிள்ளைகள் திரும்பி வரவில்லை, முதன்முறை வருகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ‘எங்கட ஊர்’ என்பது அம்மம்மா சொன்ன கதை மட்டும்தான். அந்தப் பிள்ளை விட்டுவிட்டு வந்த ஊர் முகாம். அங்கே அவளுக்குச் சிநேகிதிகள் இருந்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது, முகாமைச் சுற்றிப் பழகின சந்தியும் கடையும் இருந்தன. ‘சொந்த மண்ணுக்கு வந்திட்டியள், இனி என்ன கவலை’ என்று அவளிடம் சொன்னால் அவள் பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துவிடாதீர்கள்.

தொண்டர் என்றால் உண்மையில் என்ன வேலை?

கூடப் போவது, கூட இருப்பது, வாசித்துக் காட்டுவது, நிரப்பிக் கொடுப்பது. கிராம அலுவலரிடம், பிரதேச செயலகத்தில், பாடசாலையில், ஆஸ்பத்திரி கிளினிக்கில், வங்கியில். இருபது முப்பது வருசம் நாட்டில் இல்லாத ஒருவருக்கு இங்கே எந்தக் கந்தோரில் எந்த மேசையில் என்ன நடக்கும் என்று தெரியாது. அவர் போகும்போது இருந்த விதானையார் இப்போது இல்லை, அவர் அறிந்த கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அதே இடத்தில் இல்லை.

சாமான் பொதி கொடுப்பதும் நல்லதுதான். வந்து இறங்கும் குடும்பத்துக்குப் பாயும் பானையும் தரப்பாளும் வேண்டும். ஆனால் அது முதல் கிழமையோடு முடிந்துவிடும். கையில் இருக்கும் தொடக்க உதவிப் பணம் கரைந்து, உறவினர் வீட்டுத் திண்ணையில் இடம் நெருக்கமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நிற்பது மூன்றாம் நாலாம் மாதம். எங்களுக்குத் தொண்டர்கள் அதிகம் தேவைப்படுவது அப்போதுதான். அதனால்தான் ஒரு நாள் வந்து போக விரும்புபவர்களைவிட, கிழமைக்கு இரண்டு பின்னேரம் தரக்கூடியவர்களை முதலில் எடுக்கிறோம்.

எனக்குப் படிப்போ பயிற்சியோ பெரிதாக இல்லை. வரலாமா?

வரலாம். பொறுமை வேண்டும், வாயை அடக்கத் தெரிய வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்பவர் இந்த வேலைக்கு ஆகார். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவருக்கும், மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்த பெண்களுக்கும் எப்போதும் இடம் உண்டு.

ஆவண வேலை ஏன் இவ்வளவு இழுபடுகிறது? தொண்டர் அதில் என்ன செய்யலாம்?

இந்தியாவில் பிறந்த பிள்ளையிடம் வரும்போது பெரும்பாலும் இருப்பது தமிழகப் பிறப்புச் சான்றிதழ். அங்கே பிறந்ததால் மட்டும் இந்தியக் குடியுரிமை கிடைத்துவிடவில்லை. இங்கே பிறக்காததால் இலங்கைப் பிரசாவுரிமையும் தானாக வந்துவிடாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, இலங்கைப் பிரசையின் பிள்ளை என்ற அடிப்படையில் பதிவு செய்ய வேண்டும். முன்பு தகப்பன் வழியாக மட்டுமே முடியும்; 2003இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கைப் பிரசையாக இருந்தாலும் போதும். தகப்பனை இழந்த குடும்பங்களுக்கும், தகப்பன் இந்தியராக இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் திருத்தம் பெரிய ஆறுதல். தொண்டர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்த குடும்பத்துக்கு வேலை சுலபம். பதியாமல் வந்தவர்கள் இங்கிருந்து குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வழியாகச் செய்ய வேண்டும். வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிரசாவுரிமை அலுவல்கள் பத்தரமுல்லைத் தலைமையகத்தோடு தொடர்புடையவை. கொழும்புக்கு ஒரு தடவை போய்வருவதென்றால் கூலி வேலைக்காரருக்கு இரண்டு நாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடும். ஆகவே போவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் பார்த்து, பிரதி எடுத்து, எது இல்லை என்று அறிந்துகொண்டு போக வைப்பதுதான் தொண்டர் செய்யக்கூடிய பெரிய உதவி.

எங்கே சிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெயர் முதலில். தாயின் பழைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், முகாம் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பிள்ளையின் தமிழகச் சான்றிதழில் மூன்றாவது எழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தாலே கேள்வி வரும். சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி, இரு பெயரும் ஒருவரே என்று காட்ட வேண்டும். அடுத்தது கலியாணம். முகாமில் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமலே இருந்த தம்பதிகள் பலர். மூன்றாவது, பிறந்த இடம். மண்டபம் முகாம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘இராமநாதபுரம்’ என்று மட்டும் எழுதினால், வட்டக்கச்சிக்குப் பக்கத்து இராமநாதபுரம் என்றே கிளிநொச்சியில் எவரும் நினைப்பார்கள். ‘இராமநாதபுரம் மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

பதினைந்து வயதானவர்களுக்குத் தேசிய அடையாள அட்டை தேவை. படிக்கிற பிள்ளைக்கு அதிபர் ஊடாகவும், படிக்காதவர்களுக்குக் கிராம அலுவலர் ஊடாகவும் விண்ணப்பம் போகும். அடையாள அட்டை இல்லாத இளைஞனுக்குப் பரீட்சை, வேலை, வங்கிக் கணக்கு, சைக்கிளில் தூரப்போகும் துணிவு எல்லாமே தடைப்படும்.

ஒரு எச்சரிக்கை. ஆவணம் எதையும் நீங்கள் வாங்கி உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். மூலப்பிரதி குடும்பத்தின் கையில், ஒரே கோப்பில், மழை படாத பொலித்தீன் உறையில் இருக்க வேண்டும். ‘காசு தந்தால் கெதியாய் முடித்துத் தருவேன்’ என்று வரும் தரகரிடம் குடும்பத்தை விட்டுவிடாதீர்கள்.

மலையகப் பூர்வீகம் உள்ள குடும்பங்களுக்கும் இதே நடைமுறையா?

சிலருக்கு வேறு வழி உண்டு. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், தமிழக முகாம்களில் இருந்தவர்களைக் கருத்தில் கொண்டு 2009இல் அதற்குச் செய்த திருத்தமும் இருக்கின்றன. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் கேட்டபிறகே விண்ணப்பிக்க விடுங்கள். பிழையான படிவத்தில் தொடங்கினால் திருப்ப நாட்செல்லும்.

இந்த மண்ணுக்கு இது புதிய வேலையும் இல்லை. 1970களில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களை வவுனியாவிலும் அதைச் சுற்றியும் குடியமர்த்தக் காந்தீயம் அமைப்பு பாடுபட்டது. கட்டடக்கலைஞர் எஸ்.ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரோடு எத்தனையோ இளம் தொண்டர்கள் கிணறு வெட்டினார்கள், முன்பள்ளி நடத்தினார்கள். இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இன்று கிளிநொச்சியில் நாங்கள் ‘பழைய ஊர்’ என்று நினைக்கும் குடியிருப்புகளில் சில, அன்று அகதிகளாக வந்தவர்கள் காடு வெட்டி எழுப்பியவை.

பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

ஆவணம் முழுதாகக் கைக்கு வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க விடாதீர்கள். இலங்கையில் ஐந்து முதல் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம். இருக்கிற தாள்களை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போங்கள். அவர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். தமிழகத்துப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பது கெதியில் முடிவாகும். அங்கே கல்வியாண்டு யூனில் தொடங்கும், இங்கே வழமையாக ஜனவரியில். ஆகவே இடைநடுவில்தான் பிள்ளை வந்து நிற்கும். ஒரு தரம் கீழே போட்டால் பாடம் பிடிபடும், ஆனால் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு இருக்க வெட்கப்படும். பிள்ளையையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தமிழ்தானே, படிப்பில் என்ன கஷ்டம் என்று பலர் கேட்கிறார்கள். தரம் 9 விஞ்ஞானப் புத்தகத்தை ஒரு முறை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து விரித்துப் பாருங்கள். அவள் வேதியியல் படித்து வந்தவள், இங்கே இரசாயனவியல். இயற்பியல் இங்கே பௌதிகவியல். அவளுக்குத் தெரிந்த ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன், கார்பன் காபன். கணக்கில் இயற்கணிதம் அட்சரகணிதமாகவும், வடிவியல் கேத்திரகணிதமாகவும் இருக்கும். அவளுக்குப் பாடம் தெரியும், கேள்வி விளங்காது. தவணைப் பரீட்சையில் இருபது புள்ளி வந்ததும் ‘மொக்குப் பிள்ளை’ என்று பெயர் விழுந்துவிடும். ஒரு கொப்பியை நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அங்கே படித்த சொல், வலப்பக்கம் இங்கே உள்ள சொல் என்று அவளையே எழுத வையுங்கள். இதற்கு ரியூசன் ஆசிரியர் தேவையில்லை, உயர்தரம் படித்த ஓர் அக்கா போதும். ஒரு தவணைக்குள் பெரிய மாற்றம் தெரியும்.

உண்மையான இடைவெளி வேறு பாடங்களில். இலங்கை வரலாறு அவள் படித்ததே இல்லை. பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாயப் பாடம். சமயமும் பரீட்சைப் பாடம். சிங்களம் இரண்டாம் மொழியாக வரும், அதில் எழுத்தே புதிது. பத்தாம் பதினோராம் தரத்தில் வந்து சேரும் பிள்ளைக்கு இந்த மூன்றிலும் முதல் நாளிலிருந்தே ஆள் வேண்டும்.

சீருடைத் துணியும் பாடநூலும் அரசு தரும். சப்பாத்து, கொப்பி, பஸ் காசு, பிரத்தியேக வகுப்புக் காசு ஆகியவைதான் வீட்டைத் தட்டும். உள்ளூர்ப் பாதையில் பஸ் குறைவான இடங்களில் சைக்கிள் ஒன்று கிடைப்பது ஒரு வருசப் படிப்பைக் காப்பாற்றும்.

வகுப்பில் ‘இந்தியாக்காரி’ என்று கேலி செய்கிறார்களாம். தொண்டர் தலையிடலாமா?

கேலி செய்யும் பிள்ளையை நீங்கள் போய் அதட்டாதீர்கள். நாளைக்கு அடி இவளுக்குத்தான் விழும். வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, அவளுக்கு வகுப்பில் ஒரு சிநேகிதி கிடைக்கப் பார்ப்பது. அதே பாதையில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையின் தாயோடு பேசி, இருவரும் சேர்ந்து போகும்படி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெடியன்களுக்கு விளையாட்டுக் கழகம். கரப்பந்தாட்டத்துக்கு ஒரு ஆள் குறையும் பின்னேரம் அவன் மைதான ஓரத்தில் நின்றால், அவனைக் கூப்பிடச் சொல்லிக் கழகத் தலைவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அவனாகப் போய்க் கேட்க மாட்டான்.

பிள்ளையின் பேச்சைத் திருத்தாதீர்கள். ‘வாங்க, போங்க’ என்று சொல்லட்டும். வருசம் போக அது தானாக மாறும், மாறாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

சாமத்தியப்பட்ட பெண்பிள்ளைகளை, பாடசாலையில் கழிப்பறை சரியில்லை, பாதை தனிமை என்று தாய்மார் மறிப்பதுண்டு. இது உண்மையான பயம். ‘படிப்பு முக்கியம்’ என்று தாய்க்குப் பிரசங்கம் வைப்பதில் பயனில்லை. பாதையில் யார் யார் போகிறார்கள் என்று பார்த்து, கூட்டம் சேர்த்துவிட்டால் தாயே அனுப்புவாள்.

பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு என்ன வழி?

தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அதை வைத்துக்கொண்டு இங்கே மற்றவர்களைப் போல நேராகப் பல்கலைக்கழகம் போக முடியாது. இங்கே உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளிதான் பேசும். சான்றிதழ்களைச் சமப்படுத்தும் நடைமுறையைப் பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்க உதவுங்கள். பட்டம் முடித்து வந்தவர்களுக்கும் அதுவே முதல் வேலை. பதில் வரும்வரை பிள்ளையைச் சும்மா இருக்க விடாதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மாவட்டங்களில் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எல்லாம் தேசிய தொழிற் தகைமை என்னும் என்.வி.கியூ. மட்டங்களில் ஓடுபவை.

முகாம்களில் வளர்ந்த ஆண்களில் மிகப் பலர் பெயின்ட் வேலை பழகியவர்கள். சுவர் உரசுவதிலிருந்து பட்டி வைத்துப் பளபளப்பாக முடிப்பது வரை கைவந்தவர்கள். ஆனால் கையில் தாள் இல்லாததால் இங்கே உதவியாள் கூலிதான் கிடைக்கிறது. ஏற்கெனவே பழகிய தொழிலை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறை உண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் விசாரித்து, விண்ணப்பத்தை நிரப்பி, அவன் செய்த வேலைகளின் படங்களைச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு நாள் உங்கள் உழைப்பு, அவனுக்குக் காலம் முழுக்கக் கூலி உயரும்.

வேலை தேடும் குடும்பத்தைத் தேடி நுண்கடன்காரர் வீடு வீடாக வருவார்கள். கிழமைக் கட்டணம் என்ன, வட்டி மொத்தமாக எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எடுப்பதா விடுவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

நாங்கள் செல்லடிக்குள் செத்துப் பிழைத்தோம். ஓடிப்போனவர்களுக்கு ஏன் உதவ வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்து, சிலர் 2012 செப்டம்பரில் அது மூடப்படும்வரையும் ஊர் திரும்ப முடியாமல் கிடந்த சனம் இது. வீட்டுத்திட்டம் வந்தபோது நாட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, பிந்தி வந்தவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. மறுபக்கம், ‘இந்தியாவில மாசாமாசம் காசு வாங்கினவை, எல்லாம் இலவசம்’ என்ற பேச்சு. கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் இது வெளிப்படையாகவே நடக்கும்.

இரண்டு பக்கமும் இழந்ததை அளந்து பார்க்கும் வேலையைத் தொண்டர் செய்யக் கூடாது. படகில் ஏறியவர்களில் கடலில் போனவர்கள் உண்டு. முகாமில் இருந்தவர்கள் வெளியே போக ஒப்பம் வைத்து, குறித்த நேரத்துக்குள் திரும்பி, தங்கள் இளமையை அப்படியே கழித்தவர்கள். அது ஒரு புறம் இருக்கட்டும். 2010இல் பிறந்த பிள்ளை எங்கே ஓடியது? போவதா இருப்பதா என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை. உதவி தேவைப்படுவது அவளுக்கு.

நடைமுறையில் ஒன்று செய்கிறோம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு வைப்பதில்லை. அயலில் உள்ள பின்தங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு. கொப்பி கொடுத்தால் எல்லோருக்கும் கொப்பி. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் புதிதாக வந்த தாய்மாரையும் முதல் மாதமே அங்கத்தவராக்கச் சொல்கிறோம். சங்கக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சீட்டுக் கட்டத் தொடங்கினால் பேச்சு மாறிவிடும்.

‘நான் திரும்பிப் போகப்போறன்’ என்று பிள்ளை அழுதால் என்ன சொல்ல?

உடனே ஒன்றும் சொல்ல வேண்டாம். கேளுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களோடு பேசுகிறாளா என்று கேளுங்கள். தொலைபேசிக்குக் கொஞ்சம் டேட்டா போட்டுக் கொடுத்துச் சிநேகிதியோடு பேச விடுவது நல்ல தொண்டு. பழைய உறவை அறுத்தால் புதிது வேரூன்றும் என்று நினைப்பது பிழை. ‘அங்கே நீ அகதி, இங்கே நீ பிரசை’ என்ற வாதத்தைப் பதினாலு வயதில் வைக்காதீர்கள். அவளுக்கு அங்கே கரண்ட் இருந்தது, தெருவிளக்கு இருந்தது, பக்கத்துக் குடிசையில் ஆள் இருந்தது. இங்கே ஆறு மணிக்குப் பிறகு காடும் இருட்டும் பாம்புப் பயமும்.

பதினேழு பதினெட்டு வயதினர் ‘படகில் போறன்’ என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆபத்தையும், பிடிபட்டால் வரும் வழக்கையும் நேராகச் சொல்லுங்கள், பெற்றோருக்குத் தெரியப்படுத்துங்கள். சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், ஒருவரோடும் பேசாமல் நாட்கள் போனால் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்திலும் பேசலாம். அப்படிப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று வீட்டாருக்கு விளங்கப்படுத்துவதும் உங்கள் பொறுப்பு.

காணி துப்புரவாக்க இளைஞர் குழுவாகப் போகலாமா?

போவதற்கு முன் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கட்டாயம் கேளுங்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஹலோ டிரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் இராணுவமும் ஆண்டுக்கணக்காக அகற்றி வருகின்றன. ஆனாலும் மண்ணுக்குள் கிடப்பது மழைக்கு மேலே வரும். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை உள்ள இடத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

இதில் திரும்பி வந்தவர்களுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. ‘எனக்கு இந்தப் பாதை சின்னனிலயே தெரியும்’ என்று தகப்பன் முன்னால் நடப்பார். அவர் அறிந்தது 1990க்கு முந்திய பாதை. அதற்குப் பிறகு அந்தப் பற்றைக்குள் காவலரண் இருந்திருக்கும், மண் அணை இருந்திருக்கும். வயதானவர் சொல்கிறார் என்று பின்னால் போகாதீர்கள். குப்பையைக் குவித்து எரிக்க வேண்டாம், அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. பழைய இரும்பு பொறுக்கப் பிள்ளைகளை விட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

வளவில் கட்டில்லாத பழைய கிணறு இருந்தால் வீடு கட்டுவதற்கு முன் அதை மூடியோ அடைத்தோ விடுங்கள். மாரியில் பற்றை மூடி, கிணறு இருப்பதே தெரியாது. பாம்பு கடித்தால் கட்டுப்போட்டுப் பார்வை பார்க்கத் திரியாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், அது இலவசம்.

காணிப் பிணக்கு வேறு விடயம். அவர்கள் விட்டுப்போன காணியில் இன்று இன்னொரு குடும்பம் இருக்கலாம், அதுவும் இடம்பெயர்ந்த குடும்பமாகவே இருக்கலாம். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகக் காணிப்பிரிவு, உறுதிக் காணி என்றால் சட்டத்தரணி. தொண்டர் நடுவராக நிற்கவே கூடாது.

பிள்ளைகளோடு பழகும்போது என்ன விதிகள்?

ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்க வேண்டாம். வகுப்பு திறந்த இடத்தில், இரண்டு தொண்டர்களோடு. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம், செய்தி அனுப்ப வேண்டாம், பரிசு கொடுக்க வேண்டாம். வயது வந்தவரானாலும், நன்கு தெரிந்தவரானாலும், வெளிநாட்டிலிருந்து காசோடு வந்தவரானாலும் இதே விதிதான். துன்புறுத்தல் ஒன்றைப் பிள்ளை சொன்னால், துருவித் துருவிக் கேட்காமல், இரகசியமாக வைப்பேன் என்று வாக்கும் கொடுக்காமல், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அன்றே அறிவியுங்கள். 1929 சிறுவர் உதவி இலக்கம் எந்நேரமும் இயங்கும். பெண்களுக்கு 1938.

வெளிநாட்டில் இருக்கிறேன். காசு அனுப்பலாமா?

அனுப்பலாம். ஒரு பிள்ளையின் ஒரு வருசப் போக்குவரத்தை, அல்லது ஒரு மாலை வகுப்பு ஆசிரியையின் கொடுப்பனவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக ஏற்றுக்கொள்ளுங்கள். தொடங்கினால் பிள்ளை சாதாரண தரம் எழுதும்வரை தொடருங்கள். இரண்டு மாதத்தில் நிற்கும் உதவி, வராத உதவியைவிடக் கெடுதல் செய்யும்.

படம் கேட்காதீர்கள். புத்தகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்கும் படம் முகநூலில் வந்தால் அடுத்த நாள் வகுப்பில் அவளைப் பார்க்கும் பார்வையே வேறு. பற்றுச்சீட்டும் வரவுப் பதிவும் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இந்தியாவில் இருக்கும் உறவினர் திரும்ப யோசிக்கிறார்கள். என்ன சொல்லலாம்?

வா என்றும் வராதே என்றும் சொல்லாதீர்கள். இங்கே உள்ள நிலையை உள்ளபடி சொல்லுங்கள்: காணி யார் கையில், பாடசாலை எவ்வளவு தூரம், என்ன வேலை கிடைக்கும். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம், 1984இலிருந்து முகாம் மக்களோடு வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆகியவற்றின் ஊடாக முறைப்படி வரச் சொல்லுங்கள். அப்படி முறைப்படி வந்த முதியவர் ஒருவரே 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில், அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று கைதானார். அந்தச் செய்தி முகாம்களில் பெரும் பயத்தைக் கிளப்பியது. ஆகவே புறப்படுவதற்கு முன் சட்ட ஆலோசனை கேட்க வேண்டும். பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கிருந்து அவற்றை எடுப்பது மிகக் கஷ்டம்.

வேற்று நாட்டு அகதிகளுக்கு உதவுவதும் இதில் அடங்குமா?

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் ரோகிங்யா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுபிள்ளைகளும் அதில், படகில் வந்து நின்றபோது முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தவர்கள் முல்லைத்தீவு மீனவர்கள்தான். பிறகு அவர்கள் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டார்கள். அகதிகள் தொடர்பான 1951 உடன்படிக்கையில் இலங்கை இணையவில்லை. அதனால் இப்படி வருபவர்களோடு வேலை செய்வது ஐ.நா. முகவரகத்தின் ஊடாகவும் அனுமதியோடுமே முடியும். தனியாக முகாம் வாசலுக்குப் போகாதீர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று குரல் கொடுக்க அனுமதி தேவையில்லை. முல்லைத்தீவில் சனம் அதற்காக வீதியில் நின்றது.

எனக்கு வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தால்?

போங்கள். சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோன ஆட்களை நிறையப் பார்த்தவர்கள். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் வீட்டுக்குப் போய், பிள்ளையிடமும் பெற்றோரிடமும் நேரில் சொல்லுங்கள். உங்களுக்குப் பதிலாக வருபவரை இரண்டு மூன்று தரம் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். எந்த விண்ணப்பம் எந்தக் கந்தோரில் நிற்கிறது, அடுத்த திகதி எப்போது, யாரைக் கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, குடும்பத்தின் கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள். தாய்க்கு வாசிக்கக் கஷ்டம் என்றால் மூத்த பிள்ளையை இருத்தி ஒரு தரம் சத்தமாக வாசிக்கச் செய்து, விளங்காத இடங்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.